குணமானவர் ஏன் கடைக்கு வருவதில்லை? புராஸ்டேட் அறுவைக்குப் பிந்தைய சிறுநீர்க் கசிவு குறித்து

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதி, திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. அதை ஒட்டிய ஆரியசாலையில் தமிழ் பேசும் வணிகர்களும் கணக்கர்களும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் இன்றும் வாழ்கின்றனர். அரிசியும் பருப்பும் வற்றல் மிளகாயும் மூட்டை மூட்டையாக இறங்கி ஏறும் தெருக்கள் அவை. அங்கே பிழைப்பு நடத்துகிறவர் குனிய வேண்டும், தூக்க வேண்டும், மிளகாய் நெடியில் தும்ம வேண்டும், வெள்ளை வேட்டியோடு நாள் முழுதும் நாலு பேர் நடுவே நிற்க வேண்டும்.

புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுக்கட்டியோடு அகற்றிக்கொண்டு வீடு திரும்பிய 65 வயதுக் கடைக்காரர் ஒருவரை அத்தெருவில் எண்ணிப் பார்க்கலாம். கட்டி போய்விட்டது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கண்டறிய இயலாத அளவுக்கு இறங்கிவிட்டது. மருத்துவக் குறிப்பேட்டின்படி அவர் குணமானவர். ஆனால் மூட்டையைப் பிடிக்கக் குனிந்தால் சிறுநீர் கசிகிறது, இருமினால் கசிகிறது, நாற்காலியிலிருந்து எழுந்தாலும் கசிகிறது. முதலில் அவர் சுமை தூக்குவதை விடுகிறார். அடுத்துப் பேருந்துப் பயணத்தை விடுகிறார். பின்னர் திருமண வீடுகளையும் கோயிலையும் விடுகிறார். கடைசியில் கடையையே மகனிடம் விட்டுவிடுகிறார். கேட்பவர்களிடம் வயதாகிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்கிறார். இது தனியொருவரின் கதையன்று. இக்குறைபாடு ஒருவரைக் கொண்டுசெல்லும் வழக்கமான பாதை.

இக்கசிவு முதுமையின் விதியன்று. உயிர் பிழைத்ததற்குச் செலுத்தியே தீர வேண்டிய கப்பமும் அன்று. காரணம் அறியப்பட்ட, அளந்து பார்க்கத்தக்க, பெரும்பாலும் மருத்துவத்திற்குக் கட்டுப்படக்கூடிய குறைபாடு அது. அறுவையால் வந்த விளைவுக்குச் செய்யப்படும் மருத்துவம் அந்த அறுவையின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். கட்டி அகன்ற நாளோடு கணக்கை முடித்துவிடும் மருத்துவ முறைமை, பாதி வேலையைச் செய்துவிட்டு முழுக் கூலி கேட்பதாகும்.

முதலில் உடற்கூறு. ஆணின் சிறுநீர்ப் பாதைக்கு இயல்பில் இரண்டு கதவுகள் உண்டு. சிறுநீர்ப்பையின் கழுத்தில் தன்னிச்சையாக இயங்கும் தசைவளையம் ஒன்று. புராஸ்டேட் சுரப்பிக்குக் கீழே, மனித விருப்பத்திற்கு ஓரளவு கட்டுப்படும் வெளிச் சுருக்குத்தசை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில்தான் சுரப்பி அமர்ந்திருக்கிறது. புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் அகற்றும்போது மேல்கதவு பெரும்பாலும் அதனுடன் போய்விடுகிறது. அதன்பின் கட்டுப்பாடு முழுதும் கீழ்க்கதவின் பொறுப்பு. அத்தசையோ, அதற்குச் செல்லும் நரம்புகளோ, அதைத் தாங்கும் திசுக்களோ அறுவையில் பாதிக்கப்பட்டிருந்தால் அது வயிற்றின் திடீர் அழுத்தத்தைத் தாங்காது. இருமல், தும்மல், சிரிப்பு, பளு தூக்குதல் எல்லாம் வயிற்றழுத்தத்தைக் கூட்டுபவை. அந்நொடியில் வெளியேறுவதே அழுத்தச் சிறுநீர்க் கசிவு. படுத்திருக்கும்போது உலர்ந்திருப்பவர், எழுந்து நடமாடத் தொடங்கியதும் நனைவதன் காரணம் இதுதான். சுமை தூக்கிப் பிழைக்கும் ஒரு தெருவில் இக்குறைபாடு நேரே தொழிலின் மீது விழுகிறது.

எல்லாப் புராஸ்டேட் அறுவையும் ஒன்றல்ல. வயதோடு வீங்கிய சுரப்பியை, புற்றுநோயின்றி, சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவி செலுத்திச் சுரண்டி எடுக்கும் அறுவையே பரவலாகச் செய்யப்படுவது. அதன்பின் நிலைத்த அழுத்தக் கசிவு அரிது. சுரப்பியை முழுமையாக அகற்றும் புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் கசிவு மிகப் பொதுவானது. கத்தீட்டரை எடுத்த நாளன்று நனைவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் கட்டுப்பாடு படிப்படியாகத் திரும்புகிறது. அறுவையோடு கதிரியக்கச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மீட்சி கடினம். ஓராண்டுக்குப் பின்னும் நனைபவர்கள் சிறுபான்மையினர். அச்சிறுபான்மையினரே இங்கே பேசுபொருள்.

அவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஆய்வுலகில் ஒரே விடை இல்லை. காரணம், கசிவுக்கான வரையறை ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஒரு சொட்டும் கசியாதவரையே கட்டுப்பாடு உள்ளவர் என்று ஓர் ஆய்வு கொள்ளும். நாளொன்றுக்கு ஒரு பஞ்சுப் பட்டை அணிபவரையும் மற்றோர் ஆய்வு அவ்வாறே கொள்ளும். அறுவை செய்த மருத்துவரே கேட்டு எழுதிய கணக்கும், நோயாளி தனியே இருந்து நிரப்பிய வினாப்பட்டியலும் ஒத்துப்போவதில்லை. மருத்துவரின் முகத்தைப் பார்த்து, உயிரைக் காப்பாற்றியவரிடம் குறை சொல்வதா என்று தயங்கி, பரவாயில்லை என்று சொல்லிவிடும் பண்பு தென்னாட்டில் குறைவன்று. அந்தப் பரவாயில்லை என்ற சொல் புள்ளிவிவரத்தில் வெற்றியாகப் பதிவாகிறது. எனவே எந்த மருத்துவமனையின் வெற்றி விழுக்காட்டைப் படிக்கும்போதும், எதை வெற்றி என்றார்கள், யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்ற மூன்று வினாக்களை எழுப்பாத ஆய்வு மாணவர் தம் வேலையைச் செய்தவராகார்.

மௌனத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. சிறுநீரை அடக்க முடியாமை குழந்தைக்கும் படுக்கையில் கிடப்பவருக்கும் உரியது என்பது பொதுப்புத்தி. நடமாடும், சம்பாதிக்கும், வீட்டின் மூத்த ஆண் ஒருவருக்கு அது நேர்ந்தால் அதைச் சொல்லச் சொல் கிடைப்பதில்லை. தூய்மை பற்றிய உணர்வு இத்தயக்கத்தை இறுக்குகிறது. நவராத்திரிக் காலத்தில் குமரி மாவட்டத்து வேளிமலையிலிருந்து எழுந்தருளும் முருகப் பெருமானுக்கு ஆரியசாலைக் கோயிலே தங்குமிடம். அத்தகைய நாட்களில், உடை நனைந்தவர் சன்னதிக்கு வரலாமா என்ற கேள்வியைத் தமக்குள்ளேயே கேட்டு, தாமே விடையும் சொல்லி, வீட்டிலிருந்துவிடுகிறவர் உண்டு. தொழுகைக்கு முன் உளூச் செய்யும் இசுலாமியரின் சங்கடமும் இதுவே. ஆனால் ஓயாத கசிவு உள்ளவர் ஒவ்வொரு வேளைக்கும் உளூச் செய்து தொழலாம் என்று இசுலாமியச் சட்ட மரபு நூற்றாண்டுகளுக்கு முன்பே சலுகை வகுத்திருக்கிறது. இக்குறைபாட்டை அறிந்து, பெயரிட்டு, அதனுடையவரை ஒதுக்காமல் சேர்த்துக்கொள்ளும் வழியைச் சமய நூலோர் கண்டார்கள். நவீன மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டு அந்த அளவுக்கேனும் வெளிப்படையாக இருக்க வேண்டாமா?

இனி மருத்துவம். முதற்படி, எவ்வகைக் கசிவு என்று பிரித்தறிவது. அடக்க முடியாத அவசரத்தோடு வருவது வேறு. சிறுநீர்ப்பை காலியாகாமல் நிரம்பி வழிவது வேறு. அழுத்தத்தால் வருவது வேறு. தையலிட்ட இடம் சுருங்கித் தடை ஏற்பட்டிருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். எத்தனை முறை, எப்போது, எவ்வளவு என்று மூன்று நாள் எழுதிவைக்கும் குறிப்பேடு, மருத்துவருக்கு விலையுயர்ந்த பரிசோதனைகளுக்கு நிகரான செய்தியைத் தரும். 24 மணி நேரத்தில் அணிந்த பட்டைகளை நிறுத்து, உலர்ந்த எடையைக் கழித்தால் கசிவின் அளவு கிடைக்கும். ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். கடைக்குக் கடை எண்ணியல் தராசு வைத்திருக்கும் தெருவில் இது பெரிய காரியமன்று.

இரண்டாம் படி, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் பெண்களுக்காக எழுதிய முறையே ஆண்களுக்கும் ஏற்பச் செம்மைப்படுத்தப்பட்டுள்ளது. காற்று வெளியேறாமல் அடக்குவதுபோலவும், சிறுநீரை நடுவில் நிறுத்துவதுபோலவும் தசையை உள்ளிழுத்துப் பிடித்து விடுவதே பயிற்சி. வயிற்றையும் தொடையையும் இறுக்கி மூச்சை முக்குபவர் அதற்கு நேர்மாறானதைச் செய்கிறார். எனவே ஒருமுறையேனும் பயின்ற இயன்முறை மருத்துவர் சரிபார்க்க வேண்டும். இதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2011இல் லான்செட் இதழில் வெளிவந்த மேப்ஸ் ஆய்வு, அறுவைக்கு 6 வாரத்திற்குப் பின்னும் கசிவுள்ள ஆண்களை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்குச் சிகிச்சையாளர் நேரடியாகப் பயிற்சியளித்தார். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். சுரப்பியை முழுதாக அகற்றிக்கொண்டவர்களில் ஓராண்டு முடிவில் கசிவு நீடித்தோர் முறையே 76 விழுக்காடும் 77 விழுக்காடும். வேறுபாடு இல்லை. பயிற்சி வீண் என்று இதற்குப் பொருளன்று. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களும் அந்நாட்டில் பயிற்சி பற்றிய தகவலைப் பெறக்கூடியவர்களே. கட்டுப்பாடு விரைவில் திரும்ப அது உதவக்கூடும், தீங்கு ஏதும் இல்லை என்பதால் வழிகாட்டிகள் அதைப் பரிந்துரைக்கின்றன. ஆனால் ஓராண்டாகியும் நனைபவரிடம் பயிற்சியைத் தொடருங்கள் என்று மட்டுமே சொல்லி அனுப்புவதற்கு அறிவியல் ஆதரவு இல்லை.

மூன்றாம் படி, தற்காலிக உதவிகள். பஞ்சுப் பட்டை, டயப்பர், ஆணுறை வடிவ உறையோடு காலில் கட்டும் பை, ஆண்குறியின் மேல் மாட்டும் கவ்வி ஆகியவை. கவ்வியைச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை தளர்த்த வேண்டும். உணர்வு குன்றியவர்கள் அணியவே கூடாது. சுமை ஏற்றும் இரண்டு மணி நேரத்திற்கு மட்டும் கவ்வியும், எஞ்சிய நேரத்திற்குப் பட்டையும் என்று பகுத்துக்கொள்வோர் வேலையைத் தொடர முடிகிறது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது மட்டும் பெரும் தவறு. திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் அது சிறுநீரைச் செறிவாக்கி, பையை உறுத்தி, தொற்றுக்கும் கல்லுக்கும் வழிவிடும். தேநீர், காப்பியைக் குறைப்பதும் உடல் எடையைக் குறைப்பதும் பயன் தரலாம். டுலாக்செடின் என்னும் மருந்து சிலருக்குக் கசிவைக் குறைக்கிறது. ஆனால் ஆண்களின் கசிவுக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்தன்று, குமட்டலும் களைப்பும் பலரை அதை நிறுத்தச் செய்கின்றன.

நான்காம் படி அறுவை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2019இல் வெளியிட்டு 2024இல் திருத்திய வழிகாட்டி இதில் தெளிவாகப் பேசுகிறது. பயிற்சிக்கும் பிற உதவிகளுக்கும் மசியாமல் கசிவு தொந்தரவு தருமானால் 6 மாதத்திலேயே அறுவையை எண்ணிப் பார்க்கலாம். ஓராண்டுக்குப் பின் அதை நோயாளிக்கு முன்வைத்தாக வேண்டும். வழிகள் முதன்மையாக இரண்டு. ஒன்று, சிறுநீர் வடிகுழாயின் அடியில் வலைநாடா ஒன்றைத் தொட்டில்போல் இட்டுத் தூக்கிப் பிடிப்பது. இலேசான, நடுத்தரக் கசிவுக்கு, கதிரியக்கம் பெறாதவர்களுக்கு இது பொருந்தும். அன்றாடம் இயக்க வேண்டிய பொறி எதுவும் இதில் இல்லை. மற்றொன்று செயற்கைச் சுருக்குத்தசைக் கருவி. கடுமையான கசிவுக்கு உலகெங்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுவது இதுவே. வடிகுழாயைச் சுற்றித் திசுக்களில் ஊசி வழியே பொருளைச் செலுத்திப் பருக்கவைக்கும் முறையும் உண்டு. அதன் பயன் குறைவு, நீடிப்பதும் இல்லை.

செயற்கைக் கருவியின் இயக்கம் எளிது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் என்னும் அறுவை மருத்துவர் 1970களின் தொடக்கத்தில் அதன் முதல் வடிவத்தைப் பொருத்தினார். 1983இல் வந்த ஏ.எம்.எஸ். 800 என்ற வடிவமே, சிறு திருத்தங்களோடு, இன்றும் பெரிதும் பயன்படுகிறது. வடிகுழாயைச் சுற்றிய காற்சட்டைப் பட்டைபோன்ற ஒரு சுற்றுப்பட்டை, அடிவயிற்றில் அழுத்தத்தைக் காக்கும் சிறு பலூன், விதைப்பையில் ஒரு விசைக்குமிழ் என்று மூன்று உறுப்புகள். திரவம் நிரம்பிய சுற்றுப்பட்டை வடிகுழாயை மூடியே வைத்திருக்கும். சிறுநீர் கழிக்க வேண்டும்போது விதைப்பையிலுள்ள குமிழை விரலால் சிலமுறை அழுத்தினால் திரவம் பலூனுக்குப் போய்ச் சுற்றுப்பட்டை தளரும். சில நிமிடங்களில் தானே நிரம்பி மீண்டும் மூடிக்கொள்ளும். மின்கலமும் இல்லை, வெளியே தெரியும் உறுப்பும் இல்லை. பொருத்திய சுமார் 6 வாரத்திற்குப் பிறகே கருவி இயக்கிவைக்கப்படும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. தொற்று நேரலாம், சுற்றுப்பட்டை வடிகுழாயை அரிக்கலாம், அடியில் திசு மெலிந்து கசிவு திரும்பலாம், பொறி பழுதாகலாம். பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மறு அறுவை தேவைப்படலாம் என்று மேற்சொன்ன வழிகாட்டியே எச்சரிக்கிறது. விரல்களில் திறனும் நினைவில் தெளிவும் இருப்பவருக்கே இது ஏற்றது. வேறொரு நோய்க்காக அவசரப் பிரிவில் சேர்க்கப்படும்போது, கருவி இருப்பதை அறியாமல், அதைச் செயலிழக்கச் செய்யாமல், யாரேனும் கத்தீட்டர் செலுத்திவிட்டால் வடிகுழாய் சிதையக்கூடும். இக்கருவியை அரிதாகவே காணும் ஊர்களில் இந்த ஆபத்து கூடுதல். பொருத்திக்கொண்டவர் அட்டையொன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். அவர் மனைவி மக்களுக்கும் செய்தி தெரிந்திருக்க வேண்டும். இங்கேயும் மௌனம் உடலுக்குத் தீங்கு.

நாடாவா, கருவியா என்ற கேள்வியைப் பிரித்தானியாவின் மாஸ்டர் ஆய்வு 380 ஆண்களிடம் நேரடியாகச் சோதித்து 2021இல் வெளியிட்டது. ஒரு சொட்டும் கசியக் கூடாது என்ற கறாரான வரையறையில், ஓராண்டுக்குப் பின் நாடாப் பிரிவில் 87 விழுக்காட்டினரும் கருவிப் பிரிவில் 84 விழுக்காட்டினரும் இன்னும் கசிவுள்ளவர்களே. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டும் தோல்வி என்பார். ஆனால் இரு பிரிவிலும் கசிவின் அளவும் தொந்தரவும் பெரிதும் குறைந்தன. பெரும்பாலோர் மனநிறைவு கொண்டனர். அந்நிறைவு கருவிப் பிரிவில் சற்று மேலாக இருந்தது. முற்றிலும் உலர்ந்திருப்பது பலருக்குக் கிட்டாது. நாளுக்கு ஐந்து பட்டை நனைத்தவர் ஒன்றோடு கடைக்கு வரலாம். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் நோயாளியிடம் சொல்வதுதான் நேர்மையான ஆலோசனை.

இவ்வளவும் இருந்தும் ஆரியசாலைக் கடைக்காரருக்கு இது எட்டாததற்கு முதற்காரணம் யாரும் சொல்லாமை, இரண்டாவது விலை. இறக்குமதியாகும் செயற்கைச் சுருக்குத்தசைக் கருவியின் விலை இந்தியாவில் பல லட்சம் ரூபாய். மறு அறுவை என்றால் அச்செலவு மீண்டும் வரும். அறுவை செய்துகொள்ளாதவருக்கும் செலவு குறைவன்று. நாளுக்கு மூன்று பட்டை என்றால் ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டும். பெண்களுக்கான மாதவிடாய் அணையாடைகளுக்குச் சரக்கு சேவை வரி 2018இல் நீக்கப்பட்டது. முதியோர் டயப்பருக்கு 12 விழுக்காடாக இருந்த வரி 2025 செப்டம்பரில்தான் 5 ஆகக் குறைந்தது. முன்னதற்கு ஒரு மக்கள் குரல் இருந்தது. பின்னதற்கு இல்லை.

இந்த விலையை இயற்கையின் நியதிபோல் ஏற்றுக்கொள்ள வேறெந்த நகரத்திற்கு உரிமை இருந்தாலும் திருவனந்தபுரத்திற்கு இல்லை. ஆரியசாலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பூஜப்புரையின் சாடல்மண்ட் அரண்மனை வளாகத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே பொறியாளர்களும் மருத்துவர்களும் செயற்கை இதய வால்வை உருவாக்கினர். முந்தைய மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. டி.டி.கே. குழுமம் இந்நகரிலேயே அதை உற்பத்தி செய்து, இறக்குமதி வால்வுகளைவிட மிகக் குறைந்த விலைக்குத் தந்தது. நாட்டின் இரத்தப் பைகளுக்கும் அந்நிறுவனத்தின் தொழில்நுட்பம் வழி திறந்தது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலையை இறக்குமதி விலையில் சிறு பங்காகக் குறைத்தது. நாளெல்லாம் ஓயாமல் திறந்து மூடும் இதய வால்வைச் செய்த நகரத்திற்கு, ஒருநாளில் சிலமுறை மட்டும் திறக்கும் ஒரு திரவப் பட்டை அறிவுக்கு எட்டாததன்று.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு, அவை வலுவானவையும்கூட. முதலாவது, இதய வால்வு உயிர் காப்பது. கசிவு உயிரைப் பறிப்பதில்லை. பற்றாக்குறைப் பணம் முன்னதற்கே போக வேண்டும். ஆனால் கண்புரையும் உயிரைப் பறிப்பதில்லை. ஒருவரின் உழைப்பையும் தன்மதிப்பையும் மீட்டுத் தருவது மருத்துவத்தின் கடமையல்ல என்று அரவிந்த் எண்ணியிருந்தால் மதுரையின் வரலாறு வேறாக இருந்திருக்கும். இரண்டாவது, தேவைப்படுவோர் தொகை சிறிது. சிறு சந்தைக்கு யார் உற்பத்தி செய்வார்? இன்றைய விற்பனையைத் தேவையாகக் கொள்வதுதான் இதிலுள்ள பிழை. பல லட்சம் விலைக்கு வாங்கியவர்களின் எண்ணிக்கை, வாங்க இயலாதவர்களின் எண்ணிக்கையைக் காட்டாது. மூன்றாவது, மென்மையான சிலிக்கோன் உறுப்பு உடலுக்குள் பத்தாண்டு உழைக்க வேண்டும். மலிவாக்கும் அவசரத்தில் தரம் குறைந்தால் நோயாளிக்கே தீங்கு. இது மறுக்க முடியாதது. மூன்று மாதிரிகள் தோற்றபின் நான்காவதை வெளியிடும் பொறுமைதான் இதற்கு விடை. அப்பொறுமை பொது நிறுவனத்திற்கே இயலும். அதுவரை விலைக் கட்டுப்பாடு என்ற வழியும் உண்டு. இதயக் குழாய் ஸ்டென்ட்டுகளுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கும் 2017இல் நடுவண் அரசு உச்ச விலை விதித்தது.

கருவி வரும்வரை காத்திராமல் செய்யத்தக்கவையும் உள்ளன. அவற்றுக்குச் செலவு குறைவு. அறுவைக்கு முன்னரே, கசிவு வரக்கூடும், எப்போது குறையும், குறையாவிட்டால் என்ன வழி என்பதை நோயாளிக்கும் அவர் மனைவிக்கும் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்து அரசு மருத்துவமனைகளுக்கும் வட்டாரப் புற்றுநோய் மையத்திற்கும் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் வருகிறார்கள். மலையாளத்தில் மட்டும் அச்சான தாள் அவர்களுக்குப் பயன்படாது. அறுவைக்குப் பின் 6 வாரம், 6 மாதம், 12 மாதம் என்று மூன்று தேதிகளில் கசிவைப் பற்றித் தனியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கேட்பவர் அறுவை செய்தவராக இல்லாதிருப்பது நல்லது. ஓராண்டில் நனைபவரைச் செயற்கைக் கருவியில் அனுபவமுள்ள மையத்திற்கு அனுப்புவது கட்டாயமாக வேண்டும். புற்றுக்கட்டி அகற்றலுக்குப் பணம் தரும் அரசுக் காப்பீடு எதுவானாலும், அதன் பின்விளைவுக்கான கருவியையும் அதே சிகிச்சையின் தொடர்ச்சியாகக் கொள்ள வேண்டும். ஆண்கள் கழிப்பறைகளில் மூடியுள்ள குப்பைத்தொட்டி வைப்பது மிக எளிய சீர்திருத்தம். பிரித்தானியாவில் புராஸ்டேட் புற்றுநோய்த் தொண்டு அமைப்பு இதற்காகவே இயக்கம் நடத்துகிறது. நனைந்த பட்டையைப் பையில் மறைத்து வீடு கொண்டுசெல்ல வேண்டியிருப்பவர் சந்தைக்கு வரமாட்டார்.

கேரளத்திற்கு இவை அந்நியமான பணிகளல்ல. 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இம்மாநில மக்களில் 16.5 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள், தமிழ்நாட்டில் 13.6 விழுக்காடு. இரண்டும் நாட்டிலேயே முன்வரிசை. 2008இலேயே வலிதணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, நோயாளியின் வீட்டு வாசலுக்குத் தாதியரை அனுப்பப் பழகிய மாநிலம் கேரளம். படுக்கையில் இருப்பவருக்கு நீளும் அந்தக் கை, எழுந்து நடக்கக்கூடிய, ஆனால் நனைவதால் நடக்காமல் இருப்பவருக்கும் நீள வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது. தென்னிந்தியாவில் அறுவைக்குப் பின் எத்தனை சுமைதொழிலாளர் வேலைக்குத் திரும்பினர்? எத்தனை பேருக்கு இரண்டாம் கட்ட அறுவை உண்டு என்ற செய்தியே சொல்லப்பட்டது? பட்டைக்கு ஒரு குடும்பம் மாதந்தோறும் எவ்வளவு செலவிடுகிறது? மருத்துவம், பொருளியல், சமூகவியல், மொழியியல் என்ற எந்தத் துறையிலிருந்தும் இக்கேள்விகளுக்குள் நுழையலாம். பரிசோதனைக்கூடம் தேவையில்லை, வெட்கப்படாமல் கேட்கவும், கேட்டதை மறைவாகக் காக்கவும் தெரிந்தால் போதும்.

புராஸ்டேட் அறுவையின் வெற்றியை இனி இரண்டு எண்களால் எழுத வேண்டும். ஒன்று, பி.எஸ்.ஏ. அளவு. மற்றொன்று, ஓராண்டு கழித்து அவர் தம் பழைய வேலைக்கும் பழைய இடங்களுக்கும் திரும்பினாரா என்பது. ஆரியசாலைக் கடைக்காரரின் குறிப்பேட்டில் முதல் எண் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதற்கான கட்டம் அதில் இன்னும் அச்சிடப்படவே இல்லை.